திக்கலுக்கு மாத்திரை

இந்திய மருந்து, அழகுசாதனப் பொருள்கள் விதிகள் 1945இல் 'ஜே' என்றோர் அட்டவணை உண்டு. எந்த நோய்களையும் குறைகளையும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாதோ, அவை அதில் அடுக்கப்பட்டுள்ளன. புற்றுநோய், நீரிழிவு, வழுக்கை, காது கேளாமை ஆகியவற்றின் வரிசையில் திக்குவாயும் இருக்கிறது. 106ஆம் விதியும் இந்த அட்டவணையும் சேர்ந்து சொல்வது எளிது: விற்பனைக்கு வரும் ஒரு குப்பியின் மேல் 'திக்குவாய் தீரும்' என்று அச்சிடுவது சட்டமீறல். மருத்துவர் தம் பொறுப்பில் ஒரு மருந்தை எழுதித் தருவதற்கோ பல்கலைக்கழகம் ஒன்று சோதனை நடத்துவதற்கோ இங்கே தடை இல்லை. தடுக்கப்படுவது வாக்குறுதி. திக்கலுக்கு மருந்து உண்டா என்னும் விவாதத்தில் ஈடுபடுவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மருந்தைத் தேடுவது நேர்மையான அறிவியல் முயற்சி. கிடைத்துவிட்டது என்று சொல்வது இன்றைய நிலையில் பொய்.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் இந்த விவாதம் நூலகத்துக்குள் முடங்கும் ஒன்றன்று. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று பெயர்பெற்ற அந்த அக்கிரகாரம் வாயாலும் செவியாலும் வாழ்ந்த ஊர். ஐப்பசிக் கடைசியில் விசுவநாத சுவாமி கோயிலின் தேரும் மந்தக்கரை, பழைய கல்பாத்தி, சாத்தபுரம் கோயில்களின் தேர்களும் ஒன்றுகூடும்போது வேத பாராயணமும் கச்சேரியும் தெருவை நிறைக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், கோயிலில் சமஸ்கிருதம் என நான்கு மொழிகள் ஒரு குழந்தையின் நாவில் ஏறுகின்றன. பேசுவது இத்தனை மதிக்கப்படும் இடத்தில், சொல் தடைப்படும் குழந்தை உடனே கண்ணில் படுகிறது. 'இத்தனை மொழி படிப்பித்ததால்தான் இப்படி' என்ற பழி தாயின் மேல் விழுவதும் வழக்கம். பன்மொழிச் சூழல் திக்கலை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. ஒரே ஒரு மொழி மட்டும் வழங்கும் நாடுகளிலும் குழந்தைகள் திக்குகின்றனர்.

இங்கே சொற்களே ஒரு சிறு வேடிக்கை காட்டுகின்றன. மலையாளத்தில் 'விக்கு' என்றால் திக்கல். தமிழில் விக்கல் என்பது தண்ணீர் குடித்தால் அடங்கும் வேறொன்று. இரு மொழியும் பேசும் வீட்டில் ஒரு மொழியின் அற்பத் தொல்லை மற்றதன் வாழ்நாள் சுமையாக ஒலிக்கிறது. தமிழில் கொன்னல், தெற்றுவாய் என்ற பழஞ்சொற்களும் உண்டு; அவை அகராதியில் மட்டும் தங்கி, 'திக்குவாய்' என்ற வசைச்சொல்லே தெருவில் எஞ்சியது. ஆளையே வாயாகச் சுருக்கும் அச்சொல்லைக் காட்டிலும் 'திக்கல்' என்று நிகழ்வைக் குறிப்பது கட்டுரையாளருக்கும் மருத்துவருக்கும் தகும்.

மருந்து அங்கே புதிதாக நுழைந்ததும் அன்று. விளக்கில் சுட்ட வசம்பைத் தேனில் இழைத்துக் குழந்தையின் நாவில் தடவுவது தமிழ் வீடுகளின் வழக்கம். பொன்னும் வயம்பும் சேர்த்து உரைத்துக் கொடுப்பது மலையாள வீடுகளின் வழக்கம். கல்பாத்தியில் இரண்டும் ஒரே கல்லில் உரசப்பட்டன. நாத்தெளிவுக்கும் நினைவாற்றலுக்கும் வல்லாரையும் பிரமியும் சார்ந்த கூட்டுகளும் சாரஸ்வதாரிஷ்டமும் இன்றும் கேட்டு வாங்கப்படுகின்றன. பேச்சுக்கென்று கொடுக்கப்படும் வசம்புக்குத் தமிழில் 'பேர் சொல்லா மருந்து' என்று பெயர். அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் என்னும் பொருள் இருக்கிறது. இந்திய வசம்பில் அதன் அளவு மிகுதி. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோயைத் தூண்டியதால் அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடை செய்தது. நாவில் ஒரு தடவை உரைத்துத் தடவுவதும் எண்ணெயை வடித்து உண்பதும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற வாதம் இங்கே நிற்காது.

இவ்வைத்தியங்கள் தலைமுறைகளாக நம்பப்படுவதற்கு மூடத்தனத்தைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். காரணம் கணக்கில் இருக்கிறது. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவருக்கு ஏதோ ஒரு காலத்தில் அது தோன்றுகிறது. வளர்ந்த பின் நூற்றில் ஒருவரிடமே நிலைக்கிறது. அதாவது ஐவரில் நால்வர், பெரும்பாலும் சிகிச்சை ஏதும் இன்றியே, மீள்கின்றனர். இந்நிலையில் வசம்பு தடவினாலும் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாலும் விலையுயர்ந்த சொட்டு மருந்து வாங்கினாலும் ஐந்தில் நான்கு முறை 'பலன்' கிடைத்துவிடும். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் செந்தூரில் வாய்திறந்தார் என்னும் மரபுக் கதை இருக்கும் மொழியில், இந்தப் பலனுக்கு ஒரு தெய்வத்தின் பெயரையும் எளிதில் சூட்டிவிடலாம். மீளாத ஐந்தாம் குழந்தையின் கதையை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. ஒப்பீட்டுக் குழு இன்றிச் செய்யப்படும் எந்தச் சோதனைக்கும், அது மருத்துவமனையில் நடந்தாலும், இதே குறை உண்டு.

வளர்ந்தோரின் திக்கலுக்கு மருந்து தேடும் அறிவியல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை விளக்கக் கல்பாத்தியின் வேத பாடசாலை மரபைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சந்தை சொல்லும் முறையில் ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரு முறை சொல்கின்றனர். சொல் முன்பே தீர்மானமானது, சுரம் தீர்மானமானது, கால அளவு தீர்மானமானது, அருகில் இன்னொரு குரல் உடன் வருகிறது. திக்குவோரில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கூட்டுக் குரலில் திக்குவதில்லை. பாடும்போதும் திக்குவதில்லை. தாளத்துக்கு ஒத்துப் பேசினாலும் திக்கல் வெகுவாகக் குறைகிறது. இது உலகெங்கும் பதிவான நிகழ்வு. பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் மிருதங்கச் சொற்கட்டை வாயால் விரைந்து சொல்லும் ஒரு சிறுவன், கடையில் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்பது முரண் போலத் தோன்றலாம். மூளையில் அது முரண் அன்று.

பேச்சின் அடுத்தடுத்த அசைகளுக்கு உள்ளிருந்தே காலக்குறிப்புத் தரும் பணியில் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்னும் நரம்புத் திரளுக்கும் முன்மூளையின் இயக்கப் பகுதிக்கும் இடையிலான சுற்று ஈடுபடுகிறது. சுவீடனின் பெர் ஆல்ம் 2004இல் விரிவாக எடுத்துரைத்த கருதுகோளின்படி, திக்குவோரிடம் இந்த உட்குறிப்புத் தடுமாறுகிறது. தாளமோ உடன் ஒலிக்கும் குரலோ வெளியிலிருந்து குறிப்பைத் தரும்போது வேறொரு நரம்பு வழி பணியை ஏற்றுக்கொள்கிறது, பேச்சு ஓடுகிறது. தமிழ் இலக்கணம் எழுத்துக்குக் கால அளவு வகுத்து அதற்கு 'மாத்திரை' என்று பெயரிட்டது. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் தொல்காப்பியம் அதற்கு அளவாக்கியது. விழுங்கும் மாத்திரைக்கும் அதே சொல்தான். அசையின் மாத்திரை தவறுவதை வாயில் போடும் மாத்திரையால் சரிசெய்யலாமா என்பதே அரை நூற்றாண்டாக மருத்துவர்கள் கேட்டுவரும் கேள்வி.

அந்தச் சுற்றில் பாயும் வேதிப்பொருள்களுள் முதன்மையானது டோபமின். டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடாலை 1970களில் திக்குவோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிலருக்குத் திக்கல் குறைந்தது. ஆனால் உடல் விறைப்பு, மந்தம், மனச்சோர்வு, நெடுநாள் உண்டால் முகமும் நாவும் தாமாக அசையும் டார்டிவ் டிஸ்கினீசியா என்னும் மீளா ஊறு ஆகியன அதோடு வந்தன. திக்கல் குறைந்தவர்களும் மருந்தை விட்டுவிட்டனர் என்பதே அக்காலச் சோதனைகளின் பயனுள்ள முடிவு. நோயாளி தம் காலால் எழுதிய தீர்ப்பு அது. 1997இல் வூவும் சக ஆய்வாளர்களும் பெட் படப்பிடிப்பின் வழி திக்குவோரின் மூளையில் டோபமின் செயல்பாடு மிகுந்திருப்பதாகக் காட்டினர். அந்தப் புகழ்பெற்ற ஆய்வில் இருந்த திக்குவோர் மூவர். மூவரை வைத்து எழுப்பிய மாடியில் எத்தனை கட்டுரைகள் குடியிருக்கின்றன என்பதை ஆய்வு மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். 2000இல் கலிஃபோர்னியாவின் ஜெரால்ட் மக்வயர் ரிஸ்பெரிடோனைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார். பங்கேற்றோர் 16 பேர், காலம் ஆறு வாரம். பின்னர் ஒலான்சபின் சோதிக்கப்பட்டது. மக்வயர் தாமே திக்குபவர். அவருடைய நாட்டத்தின் நேர்மையை ஐயுற இடமில்லை. எண்ணிக்கையின் சிறுமையை ஐயுற இடமுண்டு.

பகோக்ளோன் என்னும் மருந்தின் வரலாறே இத்துறையில் மெதுவாகப் படிக்கப்பட வேண்டியது. அது டோபமினைத் தொடுவதன்று. காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் ஏற்பிகளில் செயல்படுவது. 2010இல் வெளியான அதன் சோதனையில் 132 பேர் இருந்தனர். திக்கலுக்கான மருந்துச் சோதனைகளில் அது பெருங்கூட்டம். எட்டு வாரத்தில் பகோக்ளோன் உண்டோரின் திக்கிய அசைகள் சராசரியாக 19.4 விழுக்காடு குறைந்தன. போலி மருந்து உண்டோருக்கு 5.1 விழுக்காடு. செய்தித்தாளுக்கு இதுவே போதும். ஆனால் நூறு அசையில் பத்து அசை திக்கும் ஒருவருக்கு 19 விழுக்காட்டுக் குறைவு என்பது பத்து எட்டாவது. நேர்முகத் தேர்வு அறைக்குள் அமர்ந்திருப்பவருக்கு அந்த இரண்டு அசைகள் என்ன வேறுபாட்டைத் தரும்? பின்னர் எல்லோருக்கும் மருந்து கொடுத்து ஓராண்டு தொடர்ந்தபோது 40 விழுக்காடு குறைந்ததாகக் கூறப்பட்டது. அப்போது ஒப்பிடப் போலி மருந்துக் குழு இல்லை. ஓராண்டில் மனிதர் சோதனைக் கூடத்துக்குப் பழகிவிடுகிறார், கேட்பவர் முகம் பழகிவிடுகிறது, அச்சம் தணிகிறது. அந்தத் தணிவையும் மருந்தின் கணக்கில் எழுதிவிட்டால் எந்த மருந்தும் ஓராண்டில் நன்றாகவே தோன்றும். பகோக்ளோன் சந்தைக்கு வரவில்லை.

அளவிடுவதிலேயே இக்கட்டு இருக்கிறது. காய்ச்சலைப் போலத் திக்கல் ஒரு வேளையில் ஓர் எண்ணைக் காட்டி நிற்பதில்லை. காலையில் நண்பரோடு சரளமாகப் பேசியவர் மாலையில் தொலைபேசியில் தம் பெயரைச் சொல்லத் தவிக்கிறார். வளர்ந்தோர் பலர் திக்கக்கூடிய சொல்லை முன்பே உணர்ந்து வேறு சொல்லுக்குத் தாவிவிடுகின்றனர்; கேட்பவர் காதில் திக்கல் விழாது, பேசுபவர் சொல்ல விரும்பியதும் விழாது. திக்கிய அசைகளை எண்ணும் அளவுகோல் இவரை நலம்பெற்றவராகக் கணக்கிடும். 2006இல் போத்தேயும் சக ஆய்வாளர்களும் 1970 முதல் 2005 வரையிலான மருந்து ஆய்வுக் கட்டுரைகள் 31ஐத் தர அளவுகோல்களால் சலித்துப் பார்த்தபோது, திக்கலுக்கு மருந்தைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று அவற்றில் இல்லை என்றே முடிவு செய்தனர். அதன்பின் டோபமினின் மற்றோர் ஏற்பியைத் தடுக்கும் எக்கோபிபாம் முதலியன சோதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்றுவரை திக்கலுக்கென எந்த மருந்துக்கும் ஒப்புதல் தந்ததில்லை.

பக்கவிளைவை அடிக்குறிப்பில் தள்ளிவிடும் பழக்கம் மருத்துவக் கட்டுரைகளில் உண்டு. இங்கே அது அடிக்குறிப்பாக இருக்கத் தகாது. ஒலான்சபின் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும் மருந்து. நீரிழிவு மலிந்த கேரளத்திலும் தமிழகத்திலும் இருபது வயது இளைஞருக்கு, அவர் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நிலைக்காக, இதை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது சிறு முடிவன்று. மேலும் ஒரு விந்தை: மனநோய்க்குத் தரப்படும் குளோசபின் சிலருக்குத் திக்கலைப் புதிதாக உண்டாக்குகிறது. திக்கலைக் குறைப்பதாகச் சோதிக்கப்பட்ட ரிஸ்பெரிடோனே சிலரிடம் திக்கலைத் தோற்றுவித்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஒரே திருகை ஒருவருக்கு இறுக்கினால் சரியாகிறது, இன்னொருவருக்கு இறுக்கினால் உடைகிறது. திக்கல் என்ற ஒரே பெயருக்குள் பல வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம் என்பதையே இது உணர்த்துகிறது.

மரபணு ஆய்வும் அத்திசையையே காட்டுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டென்னிஸ் டிரேனாவின் குழு, உறவுக்குள் மணம் செய்யும் பாகிஸ்தானியக் குடும்பங்களிலிருந்து தொடங்கி, 2010இல் மூன்று மரபணுக்களைத் திக்கலோடு இணைத்தது. அவை உயிரணுவின் கழிவகற்றும் அமைப்பைச் சார்ந்தவை. டோபமினோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பு இல்லை. 2025இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவைக் கொண்டு வெளியான ஆய்வு மரபணுத்தொகுதியில் 57 இடங்களைச் சுட்டியது. மாமன் மகள், அத்தை மகன் மணமுறை நிலவிய தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய ஆய்வுக்கு இடம் நிறைய உண்டு. 57 இடங்களைச் சுட்டும் ஒரு நிலைக்கு ஒற்றை மாத்திரை கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் சற்றுக் குறைய வேண்டும்.

பாலக்காட்டில் திக்கலைப் பற்றிப் பேசினால் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் பெயர் வராமல் போகாது. 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான அவர், பின்னர் பட்டாம்பியிலிருந்தும் ஆலத்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டும் இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் உள்ளவை. வாழ்நாள் முழுதும் திக்கினார். வாழ்நாள் முழுதும் மேடையில் பேசினார். எப்போதும் திக்குவீர்களா என்று கேட்ட பத்திரிகையாளரிடம், இல்லை, பேசும்போது மட்டும்தான் என்று அவர் விடையளித்ததாக வழங்கும் கதையைக் கேரளத்தில் அறியாதார் இல்லை. இளமையில் அவர் ரிக் வேதத்தை மரபுமுறையில் வாய்ப்பாடமாகக் கற்றவர். சந்தை சொல்லிய நா மேடையில் தடுக்கியது என்பது மேலே கண்ட நரம்பியலுக்குப் பொருந்தியே வருகிறது. கூட்டுக் குரலில் கிடைக்கும் சரளம் தனிப் பேச்சுக்கு இடம்பெயர்வதில்லை. வேதம் ஓதினால் திக்கல் தீரும் என்று நம்பும் பெற்றோரும் இதைக் கருத வேண்டும்.

ஈ.எம்.எஸ்.ஸை எடுத்துக்காட்டாகக் கொள்வதில் ஒரு கொடுமையும் கலந்திருக்கிறது. 'அவரே முதலமைச்சரானார், உனக்கென்ன' என்று திக்கும் மாணவரிடம் சொல்வோர் அதை ஊக்கம் என்றே நினைக்கின்றனர். அவர் பெருநிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர்; அவர் வாய் திறக்குமுன்பே அவர் எழுதியதைப் படித்திருந்தது கேரளம்; பின்னால் ஓர் இயக்கம் நின்றது. அவர் ஒரு சொல்லில் தடைப்பட்டு நின்றபோது பல்லாயிரவர் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பே இங்கே கவனத்துக்குரியது. அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் கூலித் தொழிலாளியின் மகனுக்கு அலுவலக எழுத்தர் பத்து நொடி காத்திருப்பதில்லை.

காத்திருக்காத இடங்களில் முதன்மையானது பல்கலைக்கழகம் என்பதைக் கல்வியாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி, நுழைவுத் தேர்வின் வழி சேர்வோருக்கு எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30 விழுக்காடு. 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டச் சேர்க்கை நடக்கும்போதும் இதே 70க்கு 30. இறுதியில் வாய்மொழித் தேர்வு. குடிமைப் பணித் தேர்வில் 2025 மதிப்பெண்ணில் 275 ஆளுமைத் தேர்வுக்கு. இவ்விடங்களில் திக்கல் மதிப்பெண்ணாக மாறுகிறது. தேர்வாளர் தயக்கத்தை அறியாமை எனக் கொள்கிறார்; சொல் மாற்றித் தாவுவதைத் தெளிவின்மை எனக் கொள்கிறார். ஆய்வாளருக்குத் தம் ஆய்வின் மையக் கலைச்சொல்லை மாற்றிச் சொல்ல வழியில்லை. 'தொல்காப்பியம்' என்பதற்கு வேறு பெயர் கிடையாது. தம் பெயருக்கும் தம் நெறியாளர் பெயருக்கும் மாற்று கிடையாது.

மாத்திரைகள் மாணவர் விடுதிக்குள் நுழையும் வழியும் இதுதான். நேர்முகத்துக்கு முன் ப்ரோபனோலால் விழுங்கினால் நடுக்கம் நிற்கும் என்ற செய்தி அறைக்கு அறை பரவுகிறது. நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைப்பது உண்மை; திக்கலைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக் குழலை இறுக்கி ஆபத்தை விளைக்கக் கூடும். அல்பிரசோலம் போன்ற உறக்க, அமைதி மருந்துகள் பழக்கத்துக்கு அடிமைப்படுத்துபவை. நேர்முகத்தில் நினைவையும் மந்தமாக்குபவை. மருந்துச் சீட்டு இன்றி இவற்றை விழுங்கும் மாணவரைக் கடிவதற்கு முன், முப்பது விழுக்காட்டை நாவின் வேகத்துக்கு ஒதுக்கியவர்களைக் கேட்பதே முறை.

சட்டம் இங்கே அரைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடு ஒன்று. அதன் விளக்கம் குரல்வளை நீக்கத்தையும் மூளைப் பாதிப்பால் வரும் மொழியிழப்பையும் எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லி, உறுப்பு அல்லது நரம்புக் காரணத்தால் வரும் நிலையான குறைபாடு என்கிறது. திக்கல் பெயரிடப்படவில்லை. அது நரம்புக் காரணம் உடையது என்பதை மூளைப் படங்களும் மரபணு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஒன்றை 'நிலையானது' என்று சான்றளிக்க மருத்துவக் குழுக்கள் தயங்குவதற்கு இடம் இருக்கிறது. கூடுதல் காலம் பற்றிய 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரச் சொன்னது. தலைப்பிலேயே அது எழுத்துத் தேர்வுக்கானது. வாய்மொழித் தேர்வில் காலம் யாருக்கு, எவ்வளவு என்ற கேள்வி எழவே இல்லை. எனினும் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, எழுத்துப் பிடிப்பு உடைய ஒருவருக்கு, சட்டம் வகுத்த 40 விழுக்காட்டு வரம்பை எட்டாவிட்டாலும், சொல்வதை எழுதுபவரைப் பெறும் உரிமை உண்டு என்றது. கை தடைப்பட்டவருக்குப் பொருந்தும் அந்த நியாயம் நா தடைப்பட்டவருக்கு ஏன் பொருந்தாது என்று ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தால், எதிர்வாதம் செய்வது எளிதாக இராது.

இதனால் மருந்து ஆய்வே வேண்டாம் என்னும் முடிவுக்குச் சிலர் தாவுகின்றனர். திக்கல் ஒரு வேறுபாடு, நோயன்று. சமூகமே மாற வேண்டும், மருந்து தேடுவது அவமதிப்பு என்பது அவர்கள் வாதம். பாதி உண்மையை முழு உண்மையாக்கும் வாதம் இது. ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் அஞ்சி வாழும் ஒருவர் பாதுகாப்பான மாத்திரை ஒன்று கிடைத்தால் விழுங்க விரும்புவாராயின், அவரை இழிவாகக் கருத எவருக்கும் உரிமையில்லை. கண்ணாடி அணிபவரை யாரும் கொள்கை கேட்பதில்லை. 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்னும் அறுவை மருத்துவர் திக்குவோரின் நாவின் அடியை மயக்க மருந்து இல்லாத அந்நாளில் வெட்டிப் பார்த்தார். அந்த வெறியிலிருந்து இருமறைப்புச் சோதனைக்கு வந்திருப்பது முன்னேற்றமே. இந்தியாவில் அத்தகைய சோதனையை நடத்தத் தகுந்த இடங்கள் உண்டு: மைசூரில் 1960களின் நடுவில் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம், திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய தேசிய பேச்சு, செவிப்புலன் நிறுவனம். அவை நரம்பியல் மருத்துவத் துறைகளோடு இணைந்து, தமிழும் மலையாளமும் பேசுவோரிடம், அசை எண்ணிக்கையோடு சொல் தவிர்ப்பையும் அச்சத்தையும் சேர்த்து அளக்கும் சோதனையை வடிவமைக்கலாம். ஆங்கில அசைக்கென வகுத்த அளவுகோல், ஒட்டுகள் நீண்டு ஒரே சொல் ஒரு வாக்கியமாகும் மொழிகளுக்கு அப்படியே பொருந்தாது. இது மொழியியல் ஆய்வு மாணவர் ஒருவருக்குக் காத்திருக்கும் தலைப்பு.

மருந்து அல்லாத பயிற்சிகளுக்கு இருக்கும் சான்றும் எங்கும் சமமாக இல்லை. பள்ளிக்குச் செல்லாச் சிறுவருக்கு உரிய லிட்கம் முறை, பெற்றோர் வழியே நடப்பது, 2005இல் 54 குழந்தைகளோடு நடந்த கட்டுப்படுத்திய சோதனையில், இயற்கை மீட்சியைக் காட்டிலும் மிகுந்த பயனைக் காட்டியது. வளர்ந்தோருக்கான பயிற்சிகள் சரளத்தைத் தருகின்றன. பலருக்கு அது மாதங்களில் நழுவுகிறது. ஆகவே மூன்று வயதில் திக்கத் தொடங்கிய குழந்தைக்கு, ஆறு மாதம் கடந்தும் குறையாவிட்டால், வசம்புக்கும் மாத்திரைக்கும் முன் பேச்சுப் பயிற்சியாளரே செல்லவேண்டிய இடம். திக்கல் கொண்ட நெருங்கிய உறவினர் இருந்தால் இன்னும் முன்னதாகவே செல்லலாம். வளர்ந்த ஒருவர் மருந்தை முயல விரும்பினால் மனநல மருத்துவரிடம் அவர் கேட்க வேண்டியவை உண்டு: இது எந்த நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து, திக்கலுக்கு எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, எடையும் சர்க்கரையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும், பயன் இல்லையென்றால் எந்த நாளில் எப்படி நிறுத்துவது. இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவர், கேட்பவர் கேள்வியை முடிக்கும் வரை காத்திருப்பவராகவும் இருப்பார்.

வாய்மொழித் தேர்வுக் குழுக்கள் நாளையே செய்யத்தக்கவை இவை: தேர்வுக்கு முன் மாணவர் தம் திக்கலை எழுதித் தெரிவிக்க ஒரு வரி படிவத்தில் இருக்கட்டும், நேர வரம்பு அவருக்குத் தளரட்டும், விரும்பினால் விடையின் ஒரு பகுதியை எழுதித் திரையில் காட்டட்டும், அவர் தொடங்கிய சொல்லைத் தேர்வாளர் முடித்துவைக்காதிருக்கட்டும். இவற்றுக்கு எந்த அட்டவணையிலும் தடையில்லை, எந்த மருந்து நிறுவனத்தின் ஒப்புதலும் தேவையில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுத் தீர்மானம் போதும்.